வெளுத்த முன்தலை

விடிந்த பிறகுதான் என் புருஷன் தெங் நீந்தி வந்து எங்கள் படகில் ஏறினார். ஐந்து வருடங்களுக்கு முன், சீனத்தைப் பிடித்த மஞ்சு அரசை எதிர்த்துப் போரிடும் கடல் தளபதியின் ஆட்கள் அவரைத் துடுப்புப் போடப் பிடித்துப் போயிருந்தார்கள். இப்போது தப்பி வந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தேன். முன்தலை முழுக்க முடி. முன்தலையை மழித்துப் பின்னால் சடை விடாதவன் தளபதியின் ஆள் என்பது கரையில் மஞ்சு அரசின் ஆணை. அவனுக்குத் தலை மிஞ்சாது. அவனை ஒளித்து வைத்த குடும்பத்துக்கும் மிஞ்சாது.

மீன் கத்தியை எடுத்தேன். “உக்காருங்க.”

“மொதல்ல கஞ்சி குடு.”

“தலை இருந்தா குடிக்கலாம்.”

சிரித்தார். முன்பல் இரண்டு போயிருந்தது. மகள் பின்னியோ பாய்க்குப் பின்னால் பதுங்கினாள். அவர் போனபோது அவள் என் வயிற்றில் இருந்தாள்.

“எங்கிட்ட வரமாட்டேங்கிறாளே.”

“பழகிக்குவா. ஆடாதீங்க.”

மழித்துச் சடை பின்னிய பிறகுதான் தவறு தெரிந்தது. முகம் வெயிலில் கருத்துக் கிடந்தது. மழித்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு எண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துத் தேய்த்தேன்.

மஞ்சு அரசின் காவல் படகு வந்து ஒட்டியது. அதிகாரி கட்டைவிரலை நக்கி, தெங்கின் முன்தலையில் இழுத்தார். வெள்ளைக் கோடு விழுந்தது.

“அடேய், தலையில உள்ளங்கால் மொளைச்சிருக்கு! ஏம்மா, யாரு இவன்?”

தெங் முந்திக்கொண்டார். “இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதுங்க. கத்தியக் காட்டி மிரட்டித்தான் ஏறுனேன்.”

அதிகாரி நம்பவில்லை. பின்னியோவிடம் குனிந்தார். “கண்ணு, இது உங்கப்பாவா?”

அவள் தெங்கை உற்றுப் பார்த்தாள்.

“இல்ல. எங்கப்பா செத்துப் போயிட்டாரு.”

அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருந்தேன், கரையில் யாரிடமும் உளறிவிடக் கூடாதென்று.

தெங் லேசாகத் தலையசைத்தார், பிள்ளை சரியாகச் சொல்லிவிட்டதைப் போல. அவருடைய சடையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். நான் பின்னியது.

காவல் படகு விலகியது. ஆனால் பேச்சு எட்டாத தூரத்துக்கு இன்னும் போகவில்லை. அதிகாரி எங்களையே பார்த்தபடி நின்றார்.

“அம்மா, அந்த மாமா யாரு?”

“யாரோ,” என்றேன், அங்கே கேட்கும்படி உரக்க.

தெங் திரும்பிப் பார்க்கவில்லை.