நிற்பவர் பேசலாம்

திருநின்றவூரில் காலை ஏழு பத்துக்கு நிற்கும் லோக்கலின் மூன்றாவது பெட்டியில் மூன்று கோஷ்டிகள் உண்டு. கதவோரம் சீட்டாட்டக் கோஷ்டி. நடுவில் பஜனைக் கோஷ்டி. கடைசி இரண்டு பெஞ்சுகளில் இங்கிலீஷ் கோஷ்டி. மூன்றில் சத்தமே வராதது இங்கிலீஷ் கோஷ்டிதான்.

காரணம், அதன் சட்டம். எண்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த கையோடு அதை இயற்றியவர் வீரராகவன். பாரிமுனையில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் தலைமை எழுத்தர். பிரவுன் அட்டை போட்ட கிராமர் புத்தகம் ஒன்று எந்நேரமும் அவர் கக்கத்தில் இருக்கும்.

"ரயில் ஏறினா தமிழ் கூடாது. உட்கார்ந்திருக்கிறவர் டென்ஸ்லயோ பிரிபொசிஷன்லயோ தப்பு விட்டா, எழுந்து பக்கத்துல நிக்கிறவருக்கு இடம் விடணும். நிக்கிறவர் தப்பு விட்டா பரவாயில்ல. அவரை எங்க எழுப்பறது?"

நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஆனால் ஒரே மாதத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தீர்ப்பு சொல்லும் பொறுப்பை வைத்திருந்த வீரராகவன் ஜன்னலோரமாக உட்கார்ந்து, 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்', 'நோ டமில்' என்ற மூன்று வாக்கியங்களைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. மூன்றிலும் தப்பு வர வழியில்லை.

இந்தக் கோஷ்டியில் இடத்தை இழக்காத இன்னொருவர் கிறிஸ்துதாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் டெஸ்டிங் பார்ப்பவர். நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிற வேலை. ரயிலில் உட்காரக் கிடைக்கும் அரை மணிதான் அவருக்குச் சொர்க்கம். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கர்சீப்பை எறிந்து பிடிக்கிற இடத்தை, ஒரு 'வாஸ்'ஸுக்கும் 'இஸ்'ஸுக்கும் பறிகொடுக்க அவர் தயாராக இல்லை.

ஆவடியில் ஏறுவான் துலுக்கானம். பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர். ஆவடியில் ஏறுகிறவனுக்கு எந்த ஜென்மத்திலும் இடம் கிடைக்காது என்பதால், அவன் அந்தக் கவலையையே விட்டுவிட்டான். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அம்பத்தூர் வரும்வரை இங்கிலீஷைப் பொரிந்து தள்ளுவான். உட்கார்ந்திருப்பவர்களைப் பேச வைத்து மாட்டிவிடுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"மார்னிங் அண்ணாத்தே. யெஸ்டர்டே சண்டே. வேர் யு கோ?"

நேற்றைப் பற்றிய கேள்வி என்றாலே கோஷ்டி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடும். கிறிஸ்துதாஸ் மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அது 'கோ'வா, 'வென்ட்'டா, 'கான்'னா? அதைத் தாண்டினால் சர்ச்சுக்கு முன்னால் 'டு' வருமா, 'இன்' வருமா, 'அட்' வருமா? தமிழில் ஒரே ஒரு 'ல'வை வைத்துக்கொண்டு ரயில்ல, மேஜைல, ஒன்பது மணில, ஆவடில என்று ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம். வெள்ளைக்காரன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி செய்து வைத்திருக்கிறான். சாவிக்கொத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்த கிறிஸ்துதாஸ் கடைசியில் வாயைத் திறந்தார்.

"யெஸ்."

"இன்னா அண்ணாத்தே, எங்க போனேன்னு கேட்டா ஆமான்றே?"

"துலுக்கானம், நோ டமில்," என்றார் வீரராகவன், ஜன்னலைப் பார்த்தபடி.

எல்லாம் இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பெனியில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். பம்பாய், பூனாவிலிருந்து பார்ட்டிகள் வால்வு வாங்க நேரில் வரப் போகிறார்கள். அவர்களுக்கு டெஸ்டிங்கை இங்கிலீஷில் விளக்க ஒரு சூப்பர்வைசர் தேவை. அடுத்த வாரம் சனிக்கிழமை இன்டர்வியூ. உள்ளே ஆள் தேறாவிட்டால் வெளியிலிருந்து டிப்ளமா படித்த பையனை எடுத்துக்கொள்வார்களாம்.

கிறிஸ்துதாஸுக்கு அந்தக் கடைசி வரிதான் நெஞ்சில் குத்தியது. பதினோரு வருஷம் வால்வோடு வாழ்ந்துவிட்டு, மீசை முளைக்காத ஒருவனிடம் போய், 'சார், இதைத் திறக்கலாமா?' என்று கேட்டுக்கொண்டு ரிட்டயர் ஆக வேண்டியதுதான்.

வீட்டில் மனைவி ஜெயசீலி சாதத்தைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு என்ன பயம்? ஆறு மாசமா இங்கிலீஷ் கோஷ்டியில இருக்கீங்களே."

"இருக்கேன்."

"அப்ப எங்க, எதுனா பேசுங்க. கேக்கறேன்."

கிறிஸ்துதாஸ் சப்பணமிட்டு உட்கார்ந்தபடி யோசித்தார். ரசம் ஆறியது.

"யெஸ்," என்றார்.

"அப்புறம்?"

"நோ."

"ஆறு மாசத்துல அங்க என்னதான் கத்துக்கிட்டீங்க?"

"உட்காரக் கத்துக்கிட்டேன்," என்றார் கிறிஸ்துதாஸ். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை மூன்றாவது பெட்டியில் ஓர் அதிசயம் நடந்தது. கர்சீப் போட்டுப் பிடித்த இடத்தை கிறிஸ்துதாஸ் தானாகவே பட்டாபிராமில் ஏறிய ஒரு ஆசாமிக்கு விட்டுக்கொடுத்தார். அந்த ஆசாமி பையை மடியில் வைத்துக்கொண்டு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்பதுபோல் அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

ஆவடியில் துலுக்கானம் ஏறினான். "இன்னா அண்ணாத்தே, தப்பு வுட்டியா?"

"இல்லடா. இனிமேதான் விடப் போறேன். ஐ ஆம் ஸ்டாண்டிங். யெஸ்டர்டே மை வைஃப் ஆஸ்க் மீ ஒன் கொஸ்டின்."

"சொல்லு, சொல்லு. வாட் கொஸ்டின்?"

அவ்வளவுதான். அண்ணனூர் வருவதற்குள் ஜெயசீலி கேட்டதும் ரசம் ஆறியதும் வந்து கொட்டிவிட்டன. காலம் முன்னே போயிற்று, பின்னே வந்தது; 'இன்'னும் 'ஆன்'னும் இஷ்டத்துக்கு இடம் மாறி உட்கார்ந்தன. வீரராகவன் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நிற்பவரை அவர் என்ன செய்ய முடியும்?

அந்த வாரமும் அடுத்த வாரமும் கிறிஸ்துதாஸ் நின்றார். கால் வீங்கிற்று. நாக்கு இளகிற்று.

சனிக்கிழமை வந்தது. ஒர்க்ஸ் மேனேஜர் மணவாளன் நல்ல மனுஷர். உள்ளே வந்தவரைப் பார்த்துச் சிரித்து, எதிரே இருந்த குஷன் நாற்காலியைக் காட்டினார். கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தார். பஞ்சு உள்வாங்கிக்கொண்டது. அந்த நிமிஷமே வாயும் ஒட்டிக்கொண்டது.

எத்தனை வருஷமாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார் மணவாளன்.

"ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் லெவன் இயர்ஸ்," என்ற கிறிஸ்துதாஸ், சொன்ன கையோடு எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் இங்கே இடம் கேட்டு யாரும் நிற்கவில்லை என்பது உறைத்தது.

"ப்ளீஸ், சிட்."

உட்கார்ந்தார். அடுத்த கேள்வி டெஸ்டிங்கைப் பற்றி. மறுபடி சாவிக்கொத்தைப் புரட்டினார். 'டெஸ்ட்'டா, 'டெஸ்டட்'டா, 'டெஸ்டிங்'கா?

"யெஸ்," என்றார்.

மணவாளன் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

"யெஸ், சார்."

மேனேஜர் பேனாவை மூடினார். குரலைத் தாழ்த்தி, "பரவாயில்ல, கிறிஸ்துதாஸ். நீங்க போகலாம்," என்று தமிழில் சொன்னார். அந்தத் தமிழைக் கேட்டதும் கிறிஸ்துதாஸுக்கு மீசை முளைக்காத ஒருவன் கண்ணெதிரே வந்து நின்றான்.

விருட்டென்று எழுந்தார். நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். "சார், ஐ வில் ஸ்டாண்ட் அண்ட் டாக்."

பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால் பீரோவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"வால்வ் கம், ஐ க்ளோஸ் போத் சைட். வாட்டர் புட், பிரஷர் கிவ், ஐ வெயிட். நோபடி டாக் டு மீ அட் தட் டைம். லாஸ்ட் வீக் ஒன் வால்வ், ஒன் ட்ராப் கம்மிங். ஃபோர்மேன் டெல், ஒன்லி ஒன் ட்ராப், லெட் இட் கோ. ஐ டெல், டுடே ஒன் ட்ராப், டுமாரோ இன் பாம்பே ஒன் பக்கெட். வால்வ் நாட் கோ. ஸ்டில் சிட்டிங் ஆன் மை டேபிள். கம் அண்ட் ஸீ, சார்."

மணவாளன் மூடிய பேனாவைத் திறந்தார். எழுதவில்லை, மூடியால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "பார்ட்டி வந்தா இந்த ரூம்லதான் உட்கார வைப்போம். அப்பவும் நின்னுட்டேதான் பேசுவீங்களா?"

"வொய் ஹியர், சார்? வால்வ் இஸ் டவுன்ஸ்டேர்ஸ். பிரிங் தெம் டவுன்ஸ்டேர்ஸ். தேர் நோ சேர்."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்கிலீஷ் தாறுமாறா இருக்கு. ஆனா அந்த ஒரு சொட்டு எனக்கே பயத்தக் கிளப்புது. கீழ வாங்க, அந்த வால்வைக் காட்டுங்க."

கீழே போய் அரை மணி நேரம் இரண்டு பேரும் நின்றார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்தது.

திங்கட்கிழமை லோக்கலில் சேதி அவருக்கு முன்னால் ஏறியிருந்தது. பெஞ்சு பெஞ்சாகக் கை கொடுத்தார்கள். ஜன்னலோரத்திலிருந்து வீரராகவனும் குனிந்து எட்டிப் பார்த்தார். ஆர்வம் தாங்கவில்லை அவருக்கு. இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு நீளமான வாக்கியத்தைத் தொடங்கினார்.

"மிஸ்டர் கிறிஸ்துதாஸ், வாட் டிட் ஹி ஆஸ்க்ட் யு இன் தி..."

ஆவடியில் அப்போதுதான் ஒரு காலை உள்ளே வைத்த துலுக்கானம் அங்கேயே நின்றான். "டிட் ஆஸ்க்டா? சார், டிட்டுக்கு அப்புறம் ஆஸ்க்டா?"

பெட்டியே வீரராகவனைப் பார்த்தது. பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா நின்றது. அவர் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. மெதுவாக எழுந்தார்.

"சிட் டவுன்," என்றார் துலுக்கானத்தைப் பார்த்து.

எழுந்தவர் கிறிஸ்துதாஸ் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அந்தக் குலுக்கலில் எது கழன்றதோ, திருமுல்லைவாயில் வருவதற்குள் தன் ஆபீசரைப் பற்றி, கல்யாணமாகாத தங்கையைப் பற்றி, பாரிமுனை ஓட்டல் சாம்பாரைப் பற்றி எல்லாம் இங்கிலீஷில் பேசித் தீர்த்துவிட்டார். அத்தனையிலும் தப்பு. முகமோ மலர்ந்து கிடந்தது.

கிறிஸ்துதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதன்முதலாக ரயிலில் உட்கார்ந்திருந்த துலுக்கானம், பையை மடியில் இறுக்கிக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தான்.

"துலுக்கானம், யெஸ்டர்டே வேர் யு கோ?"

துலுக்கானம் வாயைத் திறந்தான். சுற்றிலும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தான். திறந்த வாயைப் பத்திரமாக மூடி, மறுபடி கொஞ்சமே திறந்தான்.

"யெஸ்."