பென்சில் தேதி போட்ட கூம்பு

1

“சுவரைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருந்தே? அப்புறம் எப்படிச் சரியா அவன் கிட்டாருக்குக் கை தூக்கினே?”

“காதாலதான் கேட்டேன். வேற எதால கேட்பாங்க?”

“அத்தான் கிட்டாருன்னா காது தானா விரியுமோ?”

இந்த மூன்று வரியும் என் கற்பனை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. சுவர் மெல்லியது, என் காது கொஞ்சம் நீளம். ஒட்டுக்கேட்டதில் பிறந்த கதை இது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “இசை என்பது மனித மனத்தின்—” (நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் இசையைப் பற்றி யாரும் சண்டை போட்டதே இல்லை.)

சரி, ஆட்களைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் கையாலேயே ரெசனேட்டர் கிட்டார் செய்கிறவர். வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பை வைத்து, மேலே துளை போட்ட மூடியைத் திருகிவிட்டால் அது ஒலிபெருக்கி இல்லாமலே தெருவைக் கூட்டும். அவருடையது பித்தளை உடம்பு. மனைவி ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறவள். ‘சத்தம் கேட்டா கை தூக்குங்க’ என்று நாள் முழுக்க ஊராரிடம் சொல்கிறவள், வீட்டில் புதுக் கிட்டார் முடிந்தால் தானே சுவரைப் பார்த்து உட்காருவாள். தொனி பிடித்தால் கை தூக்குவாள். பன்னிரண்டு வருஷமாக அவருடைய கிட்டாருக்கு மட்டுமே தூக்கிய கை. அவருக்குப் பட்டம், பரிசு எல்லாம் அதுதான்.

பிறகு அவளுடைய அத்தை மகன் அடுத்த தெருவில் அதே கூம்புக் கிட்டாரை மர உடம்பில் செய்ய வந்து சேர்ந்தான். அவனை அவள் ‘அத்தான்’ என்பாள். தாலி கட்டியவருக்கு வெறும் ‘என்னங்க’. (எனக்கே சுருக்கென்றது. அவரைக் கேட்கவா வேண்டும்.)

3

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒப்பிட ஏற்பாடு. மீட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதே என் தகுதி. பித்தளையை மீட்டினேன். அவள் கை மடியிலேயே கிடந்தது. மரத்தை மீட்டினேன். கை மெல்ல எழுந்தது.

“உங்களோடதும் நல்லாத்தான் இருக்குண்ணே,” என்றான் அத்தை மகன்.

“ஆறுதல் சொல்றியா தம்பி? சொல்லு, சொல்லு.”

(முதல் பிரதியில் அத்தை மகனை மீசை முறுக்க வைத்திருந்தேன். அவனுக்கு மீசையே கிடையாது. போகும்போது என் டீ டம்ளரையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு எப்படித்தான் வில்லன் பண்ணுவது?)

4

அடிக்குறிப்பில் போட நினைத்தது. மனசு கேட்கவில்லை.

அத்தை மகன் தன் கிட்டாரைச் சனிக்கிழமையே கொண்டுவந்து வைத்திருந்தான். இவர் தனியாக இருந்த நேரம் பார்த்து அதன் மூடியைக் கழற்றினார். கூம்பை வெளியே எடுத்தார். தன்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து, நகத்தால் இரண்டையும் மாறி மாறிச் சுண்டிப் பார்த்தார். அப்படி என்னதான் செய்திருக்கிறான்? அதற்குள் யாரோ கதவைத் தட்ட, பதறிப்போய் இரண்டையும் உள்ளே போட்டு மூடினார்.

(தட்டியது நான். ஏணி இரவல் கேட்க. எனக்கு ஏணி தேவைப்படவில்லை; ஜன்னலில் பாதிதான் தெரிந்தது.)

திங்கட்கிழமை, சண்டை முடிந்து அவள் வேலைக்குப் போனதும், தோற்ற கிட்டாரைத் திறந்தார். தன் கூம்புகளின் உள்பக்கம் பென்சிலால் தேதி போடுவது அவர் வழக்கம். தேதி இல்லை. (இந்த முறை ஜன்னலுக்கு ஏணி தேவைப்பட்டது.) அவள் கை தூக்கியது அவருடைய கூம்புக்கு. அது உட்கார்ந்திருந்ததோ அவனுடைய மரத்துக்குள்.

சொன்னால் அந்தக் கை திரும்பக் கிடைக்கும். கூடவே, ‘அத்தான் கிட்டாரை எதுக்குங்க திருட்டுத்தனமாத் திறந்தீங்க?’ என்ற கேள்வியும் கிடைக்கும். அதைவிடக் கொடுமை, ‘அப்ப மரத்துலதான் அது நல்லாப் பாடுது’ என்று சொல்லிவிட்டால்?

5

முடிவு ஒன்று: அவர் சொல்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். (அவளை உங்களுக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: யாரும் பார்க்காதபோது கூம்புகளை மறுபடி மாற்றி— (அதற்கு அந்தக் கிட்டார் இங்கே இருக்க வேண்டுமே.)

அத்தை மகன், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். மரக் கிட்டாரும் போயிற்று. நானும் வீடு மாறிவிட்டேன். இங்கே சுவர் கெட்டி.

போன வாரம் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் புதுக் கூம்பு ஒன்றைப் பொருத்தி மீட்டிக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கை மடியில்.

“அத்தானோடது மாதிரி வரலைங்க.”

அவர் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்; ஏணியைப் பார்த்தார். “நீங்களே வச்சுக்கோங்க,” என்றார்.

இந்தக் காகிதங்களை உறையில் போட்டு அவள் பெயரும் விலாசமும் எழுதிவிட்டேன். ஏணி என் வாசலில் சாய்ந்து நிற்கிறது. உறையை இன்னும் ஒட்டவில்லை. எல்லாம் கேட்டுவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள், ஒட்டட்டுமா?