விருந்தாளி இருக்கும் வீடு

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பார்கள். எங்கள் வீட்டு விருந்தாளி வந்து ஐந்து மாதமாகிறது. எனக்கு மருந்தும் அவள்தான். லூசியா வீட்டில் இருக்கும்போது என் கணவர் என்னை அடிப்பதில்லை.

லூசியா அர்ஜென்டினாக்காரி, பதினேழு வயது. மாணவர் பரிமாற்றம் என்று புனேவுக்கு வந்து, விமான் நகரில் எங்களோடு தங்கிப் படிக்கிறாள். பிள்ளையை அனுப்புகிற வீடு ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அனுப்பி வைக்கும் சங்கத்தின் விதி. எங்கள் தருண் அவள் நாட்டில், கோர்தோபாவில், ரமோன், சில்வியா என்ற தம்பதி வீட்டில் இருக்கிறான். ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறான் என்று என் கணவர் ஆபீஸில் பெருமை பேசுவார். பெல்ட்டின் பக்கிள் பட்டு அவன் காது கிழிந்த அன்றைக்குத்தான் நான் விண்ணப்பம் வாங்கினேன் என்பதைச் சொல்லமாட்டார்.

கல்யாணசுந்தரம் சார் தங்கமான மனுஷர் என்று என் கணவரைப் பற்றி எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் சொல்வார்கள். உரசிப் பார்த்தது நானும் தருணும் மட்டும்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார் என் மாமியார். கல்யாணமாகிக் கோயமுத்தூரை விட்டு வந்ததிலிருந்து நானும் அந்தப் பிற்பாதிக்காகக் காத்திருக்கிறேன்.

லூசியா அவரை 'அப்பா' என்று கூப்பிடுவாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடுவார், மாம்பழம் நறுக்கித் தருவார். கை அரித்தால் மட்டும் அவளைக் கீழே கடைக்கு அனுப்புவார். அவள் திரும்பும்போது நான் முகத்தில் ஈரத்துண்டோடு, தலைவலி என்று படுத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தருண் வீடியோவில் வந்தான். அங்கே காலை நேரம். சமையலறையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே பேசினான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் ரமோன் வந்து, மேல் அலமாரியில் இருந்த கோப்பையை எடுக்கக் கையை உயர்த்தினார்.

தருண் ரொட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்தான்.

ரமோன் கோப்பையோடு அப்படியே நின்றார். அடுப்பருகே சிரித்துக்கொண்டிருந்த சில்வியாவின் முகம் மாறியது. என் பக்கத்தில் நின்ற லூசியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தருண் மெதுவாக நிமிர்ந்து, "ஒண்ணுமில்லம்மா" என்றான். அதற்குள் என் கணவர் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

"லூசியா, கீழே போய் எல்லோருக்கும் குல்ஃபி வாங்கிட்டு வாம்மா" என்று இங்கிலீஷில் தேனாகச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிப் போனாள். கதவு சாத்தியதும் என் முடி அவர் கைக்குப் போயிற்று.

"பாத்தியாடி உன்ற பையன? என்ற மானத்த வெளிநாட்டுல கொண்டுபோய் ஏலம் விடறான்!"

"அவன் ஒண்ணும் சொல்லலீங்க..."

"இனிமேட்டு கேப்பாங்கல்ல? கேட்டா சொல்லுவான்ல?"

தலையைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் மோதினார். ஒரு தரம், மறுபடி ஒரு தரம். இடது புருவம் பிளந்து கண்ணுக்குள் சூடாக இறங்கியது. கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தார். மேலே விமானம் ஒன்று தாழ்ந்து போனது. எங்கள் பகுதியில் அது ஒரு வசதி, கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சங்கம் விசாரிக்கும் முன்னால் தருண் ஊர் திரும்ப வேண்டும். அப்பன் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பையனே வீட்டு ஞாபகம் என்று கிளம்பிவிட்டால் கேள்வியே இல்லை. அம்மா சொன்னால் தருண் கிளம்பிவிடுவான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அம்மாளுக்கு ஒடம்பு செரியில்ல, வந்துரு சாமின்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அவன் அங்கயே இருக்கட்டுமுங்க. என்னைய என்ன வேணா பண்ணிக்கங்க."

என் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் சொல்கிறேன் என்று கதறினேன். பொய்யில்லை, அந்த நேரத்தில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வலி அப்படி.

அவரே துண்டை நனைத்து ரத்தத்தைத் துடைத்தார். சோபாவின் ஓரத்தில் உட்காரவைத்து, வலது கன்னம் மட்டும் தெரியும்படி முகத்தைத் திருப்பினார். தலையில் முந்தானையை இழுத்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்து உட்காரவைத்ததில்லை.

போன் போட்டு என் முன்னால் நீட்டினார். மணி அடிக்கும்போதே கதவு திறந்தது. லூசியாவிடம் ஒரு சாவி உண்டு. கையில் குல்ஃபி இல்லை. அவள் கடைக்கே போகவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அழுது முகம் சிவந்திருந்தது.

என் கணவர் ஒரு நொடியில் 'அப்பா' ஆனார். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார். லூசியா நேராக வந்து, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று போனைக் கேட்டாள். விருந்தாளி கேட்டு அவர் எதை மறுத்திருக்கிறார்? கொடுத்தார்.

திரையில் தருண் வந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் ரமோனும் சில்வியாவும் உட்கார்ந்திருந்தார்கள். அழுதிருக்கிறான்.

"அம்மா, அப்பா திட்டினாரா?"

"சொல்லு கிரிஜா" என்றார் இவர், சிரித்த முகமாக.

வாயைத் திறந்தேன். வந்துரு சாமி என்பது நாக்கு நுனியில் இருந்தது. அப்போது லூசியா, போனைப் பிடித்தபடியே, என் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்ந்தாள். முந்தானையை விலக்கினாள். பிளந்த புருவம், மூடிப்போன கண், மடியில் கோணிக்கொண்டு கிடந்த விரல், எல்லாவற்றையும் போனில் காட்டினாள். சில்வியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அவமானமாக இல்லை. ஆத்திரமாக இருந்தது, இத்தனை வருஷம் நானே மூடிக் காப்பாற்றிய முகத்தின் மேலேயே ஆத்திரம்.

"வராத சாமி" என்றேன். "அம்மா செத்தேன்னு சொன்னாக்கூட வராத. அவிய கேட்டா எல்லாத்தையும் சொல்லீரு."

என் கணவர் கையை ஓங்கினார். விருந்தாளி முன்னால் முதல் தடவையாக.

கோர்தோபாவில் தருண் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

அடி இங்கே என் மேல் விழுந்தது. காதுக்குள் ரீங்காரம். ஆனால் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரமோன் அவன் தோளில் கையை வைத்தார். அந்தக் கைக்கு அவன் துள்ளவில்லை. தலையிலிருந்து கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நிமிர்ந்து, அவன் அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அப்பா, நாங்க எல்லாரும் பாத்துட்டு இருக்கோம்."

"கட் பண்ணு" என்றார் என் கணவர் லூசியாவிடம். குரல் உடைந்திருந்தது. "கட் பண்ணும்மா, ப்ளீஸ்."

அவள் கட் பண்ணவில்லை.