பீட்ரூட்டுக்கு முதுகு காட்டாதவர்

கல்லிவலசு காய்கறி மார்க்கெட்டில் இடுப்பு வலி உள்ளவர்கள் முதுகைத் திருப்பினால் காய்களின் நிறம் இறங்கிவிடும். தக்காளி கொழுக்கட்டை மாதிரி ஆகும். பீட்ரூட் முள்ளங்கியோடு சேர்ந்துகொள்ளும். கத்தரிக்காய் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், கடைசியில் அதுவும் வெளுத்துவிடும். பல்வலிக்கும் தலைவலிக்கும் காய்கள் அசைந்து கொடுப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் ஒரு மிளகாய்கூட மாறாது. பெரியவர்களின் இடுப்பில், அதுவும் கீழ்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வலிக்குத்தான் நிறத்தைத் தின்னும் அந்தப் பசி.

அதனால் மார்க்கெட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. இடுப்பு வலி வந்தவர்கள் வெள்ளை வரிசைக்குப் போய்விட வேண்டும். முள்ளங்கி, பூண்டு, காலிஃபிளவர், வெண்பூசணி விற்கும் தென்கோடி வரிசை அது. அங்கே யாரையும் யாரும் கேவலமாக நடத்துவதில்லை. டீ நேரத்துக்கு டீ போகும். போய்ச் சேரும்போது வெறும் பாலாக இருக்கும், அவ்வளவுதான். பூண்டு குடோனை ஒட்டி அவர்களுக்கு லைன் வீடுகளும் உண்டு. வலி உள்ளவர் தன் வீட்டிலேயே இருந்தால் வீட்டுச் சாப்பாடு வெளுக்கும். வெளுத்ததைத் தின்று தின்று கூட இருப்பவருக்கும் வலி வந்துவிடும். ஆகவே புருஷனோ பெண்டாட்டியோ, வலி வந்தவர் தனியாகப் போய்விடுவது வழக்கம். கூட இருப்பவரின் நன்மைக்காகத்தான்.

தக்காளியும் பீட்ரூட்டும் விற்ற நல்லசிவத்துக்கு ஒரு காலையில் வலி வந்தது. தக்காளி கிரேட் தூக்கும்போது வந்திருந்தால் ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும். செருப்பைத் தேடிக் குனிந்தார், வந்துவிட்டது. நிமிர்ந்து திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்த கிரேட்டில் மேலே கிடந்த தக்காளி இரண்டும் வெள்ளையாக இருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டையும் மென்றும் மெல்லாமலும் விழுங்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சொல்லியிருந்தால் அன்றைக்கே பூங்கொடியை விட்டுப் போக வேண்டும். பூங்கொடி அவர் மனைவி. கடையில் அவள் விலை சொல்வாள், அவர் நிறுத்துப் போடுவார். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அப்படித்தான். அவள் விலை சொல்லும் குரல் காதில் விழாத ஒரு காலையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பூண்டு வாடைக்கு நடுவே தனியாக எழுந்து, தனியாகச் சோறு பொங்கி, வெள்ளையாக ஒரு டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டு தான் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு வரும்போதெல்லாம் போய்ப் பூங்கொடி பக்கத்தில் நின்றுகொண்டார். கூட இருந்தால் அவளுக்கும் வலி வரும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இருந்தார். அந்தக் குறுகுறுப்பும் பயத்தோடு சேர்ந்துகொண்டது.

வலிக்குக் கண் பின்பக்கம் மட்டும்தான். அதனால் நல்லசிவம் காய்களுக்கு முதுகு காட்டுவதை நிறுத்தினார். கடைக்குள் பக்கவாட்டில் நுழைவார். கிரேட்டுகளைப் பார்த்தபடியே வேலை செய்வார். வெளியே போக வேண்டுமென்றால் சாமி சந்நிதியிலிருந்து வருகிற மாதிரி பின்னாலேயே நடந்து வருவார். தொழிலுக்கு என்ன மரியாதை கொடுக்கிறார் பாருங்கள் என்று மார்க்கெட்டில் பேசிக்கொண்டார்கள். சங்கத் தலைவர் பெரியண்ணன் அவர் தோளைத் தட்டிப் பாராட்டினார். தட்டுகிற சாக்கில் தன்னைத் திருப்பிவிடுவாரோ என்று நல்லசிவத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சுவரில் ஓர் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் இருந்த பழக்கூடையில் முதலில் திராட்சை வெளுத்தது, பிறகு மாதுளை. அவர் தேதித்தாளைக் கிழிக்கிற மாதிரி காலண்டரையே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டார். பூங்கொடி பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

டவுனில் இருந்த ஒரு டாக்டரம்மாவிடம் ரகசியமாகப் போனார். நாவல்பழம், நெல்லிக்காய், சிவப்புக் கொய்யா, முருங்கைக்கீரை என்று நிறமாகப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார் அந்த அம்மா. குணமாகுமா என்று கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்.

"இதெல்லாம் நெறைய சாப்பிடறவங்களுக்கு இந்த வலி கொறைச்சலாத்தான் இருக்குதுங்க. ஆனா கலர் கொறஞ்சதால வலி வந்துச்சா, வலி வந்ததால கலர் கொறஞ்சுதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது."

நல்லசிவம் நாவல்பழம் வாங்கினார். வாய் முன்பக்கம் இருப்பதால் வாய்வரை பழம் கறுப்பாகவே வந்தது. உள்ளே போன பிறகுதான் சந்தேகம். வயிற்றுக்குப் பின்னாலேயே அல்லவா இடுப்பு இருக்கிறது? தின்று முடித்து ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். நாக்கு நீலமாக இருந்தால் அன்று முழுக்க நிம்மதி. ரோஸ் நிறத்திலேயே இருந்தால் அன்று தராசு முள்கூட அவர் கண்ணுக்கு நடுங்குவதாகத் தெரியும்.

இப்படி இருக்கையில் தக்காளியும் பீட்ரூட்டும் விற்கும் சிவப்பு வரிசையில் வெளுத்த காய்கள் அதிகமாகத் தென்படுவதாகப் புகார் கிளம்பியது. பெரியண்ணன் சங்கத்தைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை எல்லா வியாபாரிகளும் ஒரு பீட்ரூட்டுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்று முடிவானது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நல்லசிவத்தின் எதிர்க்கடை மருதாசலத்தை விசாரிக்காமலேயே வெள்ளை வரிசைக்கு அனுப்பியது போல இந்தத் தடவை யாரையும் அனுப்பக்கூடாது என்றும் சொன்னார். மருதாசலம் கத்தரிக்காய் விற்றவர். அவர் காய்கள் தொடர்ந்து வெளுத்தன. தன் இடுப்பில் ஒன்றுமில்லை என்று அவர் கெஞ்சிப் பார்த்தார், எடுபடவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கடையில் யார் எதை வைத்தாலும் வெளுத்தது. ராசியில்லாத கடை என்று காலி கிரேட்டுகளை அடுக்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம் நல்லசிவம் பூங்கொடியிடம் பீட்ரூட் பொரியல் கேட்டார். ஒரே வேளையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிறத்தை உள்ளே தள்ளிவிடலாம் என்று ஒரு நப்பாசை. நாள் பூரா சிவப்பையே பார்த்துக் கண் பூத்துப்போகிறது, வீட்டிலுமா என்றாள். வழக்கமாக அவள் சொல்வதுதான். அவர்கள் வீட்டில் இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சோறு, வெண்பூசணி மோர்க்குழம்பு, இவைதான் ரொம்ப காலமாக. அவர் விடாமல் கேட்டார். வேறு வழியில்லாமல் செய்தாள்.

இரண்டு பேரும் பக்கம் பக்கமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பொரியல் நல்ல சிவப்பாக இருந்தது. உப்பு இல்லை. உப்பு ஜாடி இருவருக்கும் பின்னால் அலமாரியில் இருந்தது. நல்லசிவம் எழவில்லை. எழுந்தால் திரும்ப வேண்டும். பூங்கொடியும் எழவில்லை. உப்பில்லாவிட்டால் என்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அவர். ஆமாம், உடம்புக்கும் நல்லது என்றாள் அவள். இரண்டு வாய் தின்றார்கள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

அப்போது பூங்கொடி எழுந்தாள். திரும்பவில்லை. பொரியலைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். சுவர் முதுகில் இடிக்கும் முன்னே சரியாக நின்று, கையைப் பின்னால் விட்டு, பார்க்காமலேயே ஜாடியை எடுத்தாள். அதே வழியில் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாள் பழகிய கைக்குத்தான் அது வரும். நல்லசிவத்துக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்கே இன்னும் அவ்வளவு சுத்தமாக வரவில்லை.

"எப்போ இருந்து பூங்கொடி?" என்றார்.

"மருதாசலண்ணன் போறதுக்கு முந்தியே இருந்துங்க," என்றாள்.

கடையில் அவள் எப்போதும் தக்காளியைப் பார்த்துத்தான் உட்காருவாள். அவள் முதுகு எதிர்க்கடையைப் பார்த்து இருக்கும். நல்லசிவத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. மருதாசலம் பூண்டுச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனது கண்ணில் வந்தது. அந்த ஆள் போன பிறகு அவர் சம்சாரம் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். டாக்டரம்மாவுக்குத் தெரியாததும் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த வீட்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும். மூன்று வருஷத்துக்கு மேலாக அவள் வெள்ளையாகப் போட்டதைத் தின்றுதான் அவர் இடுப்பு போனது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. தன்னை விட்டுப் போகப் பயந்துதானே செய்திருக்கிறாள் என்று நினைத்தார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பூங்கொடி திரும்பி உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவரும் திரும்பினார். நாளைக்கு இந்நேரம் இரண்டு பேரும் பூண்டு வரிசையில் ஆளுக்கொரு லைன் வீட்டில் இருப்போம், அங்கேயும் சேர்த்துக் குடிவைக்க மாட்டார்கள் என்று அவள் சொன்னாள். இரண்டு வலி ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் சுவர்ச் சுண்ணாம்பே கரைந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அசதியில் அவர் பின்னால் சாய்ந்தார். அவளும் சாய்ந்தாள். இடுப்பும் இடுப்பும் ஒட்டிக்கொண்டன.

ரொம்ப நேரம் கழித்து நல்லசிவம் ஓரக்கண்ணால் இலையைப் பார்த்தார். பொரியல் இரண்டு பேருக்கும் பக்கவாட்டில் சிவப்பாகவே கிடந்தது. அவர் தன் இடுப்பை ஒரு விரல் அளவு நகர்த்தினார். விளிம்பில் ஒரு துண்டு வெளுத்தது. மறுபடி ஒட்டினார். நின்றுவிட்டது. அவர் வலி அவள் வலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வலி அவருடையதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே பார்க்க இரண்டுக்கும் நேரமில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் முதுகோடு முதுகு ஒட்டியபடி, ஒரு வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நண்டு மாதிரி மார்க்கெட்டுக்கு வந்தார்கள். பெரியண்ணனுக்கு முன்னால் முக்காலியில் பீட்ரூட் இருந்தது. நல்லசிவத்துக்குப் பின்னால் அதை வைத்தால் பூங்கொடிக்கு முன்னால் இருந்தது. பூங்கொடிக்குப் பின்னால் வைத்தால் நல்லசிவத்துக்கு முன்னால் வந்தது. இரண்டு மூன்று தரம் மாற்றிப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் பக்கவாட்டில் வைத்தார். பீட்ரூட்டின் நிறம் அசையவில்லை.

"தனித்தனியா வரக்கூடாதுங்களா?" என்று கேட்டார்.

"கண்ணாலம் ஆனவங்கதானுங்களே நாங்க," என்றாள் பூங்கொடி.

அது சரிதான் என்று பெரியண்ணன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் அப்படியேதான். நல்லசிவம் தக்காளியைப் பார்த்து நிறுத்துப் போட்டார். பூங்கொடி தெருவைப் பார்த்து விலை சொன்னாள். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இலை போட்டுச் சாப்பிட்டார்கள், இப்போது எல்லா நிறமும் சாப்பிட்டார்கள். வலி குறைந்ததா என்றால், குறைந்த மாதிரியும் இருந்தது. குறைந்ததா என்று பிரித்துப் பார்க்கத்தான் இருவருக்கும் தைரியம் இல்லை.

எதிர்க்கடையில் இனி எதுவும் வெளுக்காது என்று நல்லசிவம் பெரியண்ணனிடம் சொல்லி, மருதாசலத்தைக் கூப்பிட வைத்தார். யாரால் வெளுத்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. மருதாசலம் பீட்ரூட்டுக்கு முதுகு காட்டித் தனியாக நின்றார். அது சிவப்பாகவே இருந்தது.

"என்ற இடுப்புல ஒண்ணுமில்லீன்னு அன்னைக்கே சொன்னனுங்க," என்றார். பிறகு கடையைக் கூட்டிப் பெருக்கிக் கத்தரிக்காய் கொட்டினார். நேர் எதிரே தன்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பூங்கொடியின் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

நல்லசிவத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி வைத்துப் பார்த்தார். கண்ணாடி வைத்தால் அதன் வழியே வலியும் எட்டிப் பார்த்துவிடுகிறது, தக்காளி வெளுத்தது. முதுகு இருக்கிறது, சூடு இருக்கிறது, குரல் இருக்கிறது. இருந்தும் அவள் எப்படி இருக்கிறாள் என்கிற கவலை அவரை அரித்தது. கடைசியில் மருதாசலத்தைத்தான் கேட்டார். தினமும் காலையில் திரும்பாமலே குரல் கொடுப்பார், எதிர்க்கடையிலிருந்து பதில் வரும். இன்றைக்குக் கொஞ்சம் தூக்கக் கலக்கம் என்பார் மருதாசலம். இன்றைக்குச் சிரித்தாள் என்பார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மருதாசலம் சொல்வது நிஜம்தானா என்று சரிபார்க்க வழியில்லை. அந்த ஆள் பொய் சொல்லவும் நியாயம் உண்டு என்று நல்லசிவத்துக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் அவருக்குத் தராசு ஓடவில்லை. பூங்கொடியிடமே கேட்டதற்கு, தன் முகம் தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் வழக்கம்போலக் குரல் கொடுத்தார். எதிர்க்கடையில் மருதாசலம் கத்தரிக்காயைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அம்மிணி மொகம் வரலீங்க மாப்ள," என்றார்.

பின்னால் பூங்கொடி யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. மழைத்திரையில் முகம் தெரியவில்லை என்கிறாரா, வேண்டுமென்றே மறைக்கிறாரா என்று நல்லசிவத்துக்குப் பிடிபடவில்லை. நாளைக்கு வருமா என்று நல்லசிவம் கேட்டார். மழை விட்டால் வரலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருதாசலம். நல்லசிவம் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு கிலோ தக்காளியை நிறுத்துப் பையில் போட்டு, கையைப் பின்னால் வளைத்து நீட்டினார். அவள் கை வந்து வாங்கிக்கொண்டது.