அக்கா எடிட் செய்த கௌபாய் படம்

நான்கு மணிக்குள் எங்கள் பத்திரிகையின் சினிமா பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மூன்றரைக்கு அக்கா வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வெளியாகும் கௌபாய் படத்தின் எடிட்டர் அவள். அதற்கு விமர்சனம் எழுதுகிறவன் நான். உறவைச் சொல்லி மறுத்தும், ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார்.

“எழுதிட்டியா? காட்டு.”

“வந்ததும் படிச்சுக்கோ அக்கா.”

“காட்டுடா.”

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

பழைய கௌபாய் கதைகளைத் தலைகீழாகப் புரட்டுகிறோம் என்று மார்தட்டும் படம். ஊர்க் காவல் அதிகாரியான ஷெரிப் நல்லவனில்லை, மண்ணுக்குரியவர்களை விரட்டி ஊரைக் கட்டியவன். சரி. ஆனால் இரண்டரை மணி நேரமும் கேமரா அவன் கண்ணீரைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறது. நிலத்தை இழந்தவள் வந்து நிற்கிறாள், மன்னிக்கிறாள், போய்விடுகிறாள். ‘அவளுக்கு வாயே கொடுக்காத இயக்குநர் எதைத்தான் புரட்டினார்?’ என்று முடித்திருந்தேன்.

அக்காவின் விரல் அந்த வரியில் நின்றது.

“இது தப்பு. அவ பேசினா. வீடு எரிஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு, பதினோரு நிமிஷம்.”

“படத்துல இல்லையே?”

“வெட்டிட்டேன்.”

“தயாரிப்பாளர் சொன்னாரா?”

“யாரும் சொல்லல. படம் இழுக்குதுன்னு எனக்கே தோணுச்சு. நேத்து பத்திரிகைக்காரங்களுக்குப் போட்டப்போ தியேட்டர்ல உக்காந்து பார்த்தப்பதான், என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு உறைச்சுது.”

கண்ணாடிக்கு அப்பாலிருந்து பக்க வடிவமைப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“இதை எழுதினா உனக்கு அடுத்த படம் வராது அக்கா.”

“தெரியாமலா வந்தேன்?”

இயக்குநரைக் குறைசொன்ன வரியை அழித்துவிட்டு, ‘அவள் பேசிய காட்சியைப் படமாக்கினார்கள், எடிட்டர் வெட்டினார். அந்த எடிட்டர் என் அக்கா’ என்று எழுதினேன்.

அக்கா படித்துவிட்டு முறைத்தாள். “இயக்குநரை ஏன் எடுத்தே? வெட்டினப்போ பக்கத்துல உக்காந்து தலையாட்டினவர் அவர்தானே? மொத்தப் பழியையும் என் தலையில போடாதே!”

அவரையும் சேர்த்தேன். நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன்.

படம் மூன்று வாரம் ஓடியது. அக்காவுக்கு ஆறு மாதம் வேலை வரவில்லை. அந்த ஆறு மாதமும் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்து, டிவியில் ஓடும் படங்களைப் பார்த்து, “இந்த இடத்துல எவன்டா கை வெச்சது?” என்று திட்டிக்கொண்டிருந்தாள்.