கோப்பையில் காய்த்த கத்தரிக்காய்

தோட்டத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டால் நீலாவதி பஸ்ஸைக்கூட விட்டுவிடுவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. விருத்தாசலத்தில் அவர்கள் சபையின் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த இடத்தை முன்பு பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். எந்தக் காலத்திலோ சூளைக் கழிவைக் கொட்டி மேடாக்கிய இடம் அது. கடப்பாறையைப் போட்டால் பீங்கான் சில்லுதான் தெறிக்கும். எருக்கஞ்செடியே யோசித்துத்தான் முளைக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷ மழையில் ஆற்றோரக் குடிசைகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, சபையார் ஒரு வாரம் சாம்பார் சாதம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் குடிசைகளில் பசி மட்டும் அப்படியே இருந்தது. நீலாவதிக்கு மனசு கேட்கவில்லை. நேரே போதகரிடம் போய் நின்றாள்.

"ஐயா, பின்னாடி கெடக்கற எடத்தைக் குடுங்க. காய்கறி போட்டு வாராவாரம் அவங்களுக்குக் குடுக்கலாம்."

"அந்த மண்ணுலயாம்மா?"

"மண்ணுல இல்லைங்க ஐயா. கோப்பையில."

அவள் வீட்டுக்காரர் நல்லமுத்து ஒரு பீங்கான் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். சூளையிலேயே வெடிப்பு விட்டுக் கழித்துப் போட்ட கக்கூஸ் கோப்பைகள் அங்கே மலையாகக் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு டிராக்டரில் ஏற்றி வந்து இறக்கினார். மொத்தம் அறுபத்திரண்டு. எல்லாம் மனுஷன் கால் படாத புதுச் சரக்கு. அடியில் வெடிப்பு இருந்ததால் தண்ணீர் தேங்காமல் வடிந்தது. ஏரி வண்டலையும் சாணி எருவையும் கலந்து நிரப்பி, தட்டையான நம்மூர்க் கோப்பைகளில் கீரை விதைத்தாள். உயரமான வெஸ்டர்ன் கோப்பைகளில் கத்தரி நட்டாள். பார்த்துச் சிரித்த சபையார், காய் கொத்துக்கொத்தாகத் தொங்கியதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கூடவே ஒரு சட்டமும் போட்டாள். "இது இல்லாதவங்களுக்கு. சபையார் வூட்டுக்கு ஒரு கீரைத்தண்டுகூடப் போவக் கூடாது." போதகரின் மனைவி ஒருநாள் குழம்புக்கு நாலு காய் கேட்டபோது அவருக்கே மார்க்கெட்டுக்கு வழி சொல்லி அனுப்பியவள் அவள். நீலாவதியின் கை சுத்தம் என்று ஊர் பேசியது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

சனிக்கிழமை காலையில் தேவாலயத்தின் முன்வாசலில் நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். சபைப் பெண் கனகா பங்கு போட்டுக் கொடுப்பாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால், வாங்குகிற ஒருவர்கூடத் தோட்டத்தைப் பார்த்ததில்லையே என்று நீலாவதிக்கு ஆறு மாதமாக அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"பாருங்க, எல்லாம் இதுல வெளஞ்சதுதான்."

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெரியவர் பையிலிருந்த கீரைக்கட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நாலு பேர்தான் வந்தார்கள். மூன்று கூடைக் காய் அப்படியே கிடந்து வாடியது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. பார்த்துப் பார்த்து வளர்த்ததை மாட்டுக்குக் கொட்டியபோது நீலாவதிக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்று போதகர் சொல்லிவிட்டார்.

அவள் ஆற்றோரம் காசியம்மாளைத் தேடிப்போனாள். காசியம்மாள் கட்டட வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை, வரிசையில் எப்போதும் முதல் ஆள். அவள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்காரப் பலகையைத் தள்ளிப்போட்டாள்.

"அது புதுக் கோப்பைங்க காசியம்மா. சத்தியமா சொல்றேன்."

"புதுசுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானும் சூளையில கோப்பை சொமந்தவதான்."

"அப்புறம் ஏன் வரலை?"

காசியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒங்க சபையில யாராச்சும் அந்தக் காயைத் தின்னுருக்கீங்களா?"

நீலாவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்கென்றே பிறந்தவள் ஆயிற்றே. "ஒரு காம்புகூடத் தொட்டதில்லைங்க. எங்க வூட்டு அடுப்புல இதுவரைக்கும் ஏறுனதில்லை."

"அதைத்தாங்க நாங்களும் சொல்றோம்" என்றாள் காசியம்மாள்.

ஆறு மாதமாக நீலாவதி எதை நேர்மை என்று தூக்கி வைத்துக்கொண்டிருந்தாளோ, அது இந்தத் தெருவில் அருவருப்பாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நமக்கு ஆகாது, உங்களுக்குப் போதும் என்று சொன்ன மாதிரி. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. சொல்லிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டாள்.

போதகர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் சேந்து ஒரு விருந்து வெச்சுடலாம்மா" என்றார்.

"வேணாங்கய்யா. ஒருநாள் தின்னு காட்டறது வேஷமாப் போயிடும். நான் வரிசையில நிக்கறேன்."

அன்று நல்லமுத்து சோற்றைப் பிசைந்தபடியே அவளைப் பார்த்தார். "நீயா? பக்கத்து வூட்டுல ஒரு கொத்து கருவேப்பிலை கேக்காதவ. தெருவுல நின்னு பையை நீட்டுவியா?"

"நீட்டுவேங்க" என்றாள். தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் பிறந்ததிலிருந்து யாரிடமும் இலவசமாக ஒன்றும் வாங்கியறியாத அவளுக்கு, நினைக்கும்போதே உடம்பு கூசியது.

சனிக்கிழமை அந்த நாலு பேருக்குப் பின்னால் போய் நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கனகா பதறிப்போய் ஓடி வந்தாள்.

"அக்கா, என்னக்கா இது? உள்ள வாங்க, தனியா எடுத்துத் தரேன்."

"எனக்கு முன்னாடி நாலு பேரு இருக்காங்க. அவங்களுக்குக் குடுத்துட்டு வா."

தன் முறை வந்தபோது அவளுக்குத் தலை நிமிரவில்லை. கனகா போட்ட அரைக்கிலோ கத்தரிக்காயும் ஒரு கட்டு அரைக்கீரையும் மூட்டை அரிசியாகக் கனத்தன. கீரையை மறைக்காமல் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஆற்றோரத் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தாள். காசியம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வை கீரைக்கட்டின் மேலேயே இருந்தது.

அடுத்த வாரம் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் போதகரின் மனைவியும் கூடையோடு வந்து, யாரும் கூப்பிடாமலே, நீலாவதிக்குப் பின்னால் நின்றார். நாலாவது வாரம் வரிசை டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டது. காய் பத்தாது என்று கனகா கையைப் பிசைந்தாள். நீலாவதிக்கு முன்னால் நின்றிருந்த காசியம்மாள் மெல்லத் திரும்பினாள்.

"போன வாரம் கத்தரிக்காயை என்ன பண்ணீங்க?"

"புளிக்கொழம்புங்க."

"இந்தக் காய்க்குப் புளி ஆவாதுங்க, கசந்து போவும். வெறும் எண்ணெயில வதக்கி மொளகாத்தூள் போடுங்க. எங்க வூட்டுல சட்டி காலி."

தன் கையால் விதை போட்டு, எரு போட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்தரிக்காயை எப்படிச் சமைப்பது என்று இன்னொருத்தி தனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் நீலாவதி நாலு வார்த்தை கேட்டிருப்பாள். இப்போது, தன்னையும் வரிசையில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டாள் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. வரிசை நகர்ந்தது.

"சரிங்க காசியம்மா, வதக்கிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கனகாவிடம் பையை நீட்டினாள்.