முட்டி போடாத ஆட்டம்

டாஸன் கல்லூரி ஜெயித்துவிட்டது என்று கைபேசியில் பார்த்ததும் மார்லிஸ் ஓபெர்க் இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். அரைநேரம் வரை தோற்றுக்கொண்டிருந்தவர்கள்! கடைசிக் கால்மணி நேரத்தில் பேய் பிடித்த மாதிரி அடித்து, முப்பது புள்ளி வித்தியாசத்தில் முடித்திருக்கிறார்கள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எண்கள் மாறவில்லை.

அவள் நின்ற கண்ணாடி அறைக்குக் கீழே, மைதானத்தில், அவளுடைய பெரின் கல்லூரிப் பையன்கள் கோர்மன் கல்லூரியைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு புள்ளி முன்னிலை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் கூட இல்லை. நவம்பர் காற்று கான்சாஸ் சமவெளி முழுவதையும் வாரிக்கொண்டு வந்து மைதானத்தில் கொட்டியது. ஊர்க்காரர்கள் போர்வைக்குள் சுருண்டு, காகிதக் கிண்ணத்தில் சில்லி என்கிற கறிக்குழம்பும் மடியில் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக, ஜெயித்த சந்தோஷத்தில் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் அவளும் கீழே இறங்கி நாலு பேரைக் கட்டிப்பிடித்திருப்பாள். கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு அவள்தான் தலைவி.

இந்த வருஷம் ஜெயித்தால் மட்டும் போதாது. அப்படி ஆக்கி வைத்ததே அவள்தான்.

போன வருஷம் வரை எல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரமாக இருந்தது. பணக்காரப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் கூட்டு வைத்துக்கொண்டு, யாரோடு யார் ஆடுவது என்பதைத் தொலைக்காட்சிக்காரன் வாயைப் பார்த்து முடிவு செய்தன. கடைசிச் சுற்றுக்கு யார் போவது என்பதை ஒரு ஓட்டல் அறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, "பார்க்க நல்லா ஆடறாங்க, ஆனா யாரை ஜெயிச்சாங்க?" என்று உதட்டைப் பிதுக்கித் தீர்மானித்தார்கள். பெரின் ஒரு வருஷம் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. அப்போதும் உதட்டைத்தான் பிதுக்கினார்கள். மார்லிஸ் விடவில்லை. சீர்திருத்தக் குழுவில் இடம் பிடித்தாள். பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் ஒரே பிரிவில் ஆட வேண்டும், பிரிவில் முதலில் வருபவன் கேள்வி கேட்காமல் கடைசிச் சுற்றுக்குப் போக வேண்டும், கடைசியில் வருபவன் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும், யாருடைய அபிப்பிராயமும் வேண்டாம் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனாள். வெற்றிகள் சமமாக இருந்தால்? வருஷம் முழுக்க எடுத்த புள்ளி வித்தியாசம். அதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாமே என்று ஒருவர் இழுத்தார். "அடிச்ச புள்ளி அடிச்ச புள்ளிதான். அதை எதுக்கு வெட்டணும்?" என்று அவள் கேட்டதும் அறையே கைதட்டியது.

அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் முட்டி போடுவது ஞாபகம் வரவில்லை. ஜெயிப்பது உறுதியான பிறகு கடைசி நிமிடத்தில் பந்து கையில் இருந்தால், அதை வாங்கியவன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடுவான். கடிகாரம் ஓடித் தீரும். விழுந்தவனை மேலும் மிதிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். எதிரணியும் பாய மாட்டார்கள், நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மூச்சு விடுவதை யார் சட்டத்தில் எழுதுவார்கள்? பெரின் இந்த வருஷம் ஜெயித்த ஆட்டங்களில் எல்லாம் முட்டி போட்டது. டாஸன் ஒன்றில் கூடப் போடவில்லை.

இப்போது இரண்டு பேரும் வெற்றியில் சமம். வித்தியாசத்தில் பெரின் ஐந்து புள்ளி பின்தங்கி, பிரிவின் கடைசியில் நிற்கிறது. கீழே இறங்கினால் ஃபுட்பாலை மூடிவிடுவோம் என்று அறங்காவலர்கள் கோடையிலேயே சொல்லிவிட்டார்கள். இங்கே படிக்கும் பையன்களில் பாதிப் பேர் ஆடுவதற்காக வந்தவர்கள். அவர்கள் போனால் கல்லூரி எத்தனை நாள் தாங்கும்?

பக்கத்தில் டிராக்டர் கடை ஆரின் ஃபிட்ச் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தின் விளக்குகள் அவர் கொடுத்தவை.

"என்னம்மா, மூஞ்சி செத்துப் போச்சு? ஜெயிச்சுட்டோம்ல?"

"டாஸன் முப்பதுல ஜெயிச்சிருக்கான், ஆரின். நமக்கு இன்னொரு டச்டவுன் வேணும், அந்த ஆறு புள்ளி வந்தாத்தான் தாண்டுவோம்."

ஆரின் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரிய மூடுனான், பேசாம இருந்தோம். இந்த ஊர்ல மிச்சம் இருக்கறது ஒரு காலேஜும் ஒரு பெட்ரோல் பங்க்கும். பங்க்குக்கு எவனும் பிள்ளைய அனுப்ப மாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டுவைட்டுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது. கோச் டுவைட் கெஸல் ஆட்டம் நடக்கும்போது மற்ற ஆட்டங்களின் பேச்சையே பக்கத்தில் விடமாட்டான். சொல்ல வருகிறவனை முறைத்தே துரத்திவிடுவான்.

மார்லிஸ் ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது முழங்கால்கள் இரும்புப் படிகளில் கடகடத்தன. கல்லூரியின் கதவுகளில் பூட்டுத் தொங்குவது போலவும், புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்து கிடப்பது போலவும், ஊரே அவளைப் பார்த்து நீதானே கேட்டு வாங்கினாய் என்று சொல்வது போலவும் ஏதேதோ கண்ணுக்குள் வந்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பந்து எல்லைக் கோட்டுக்கு நாலடி தூரத்தில் இருந்தது; அதைத் தாண்டிக் கொண்டு போனால் டச்டவுன். பெரின் பையன்கள் தோளோடு தோள் ஒட்டி நெருக்கமாக நின்றார்கள். முட்டி போடுவதற்கான நிற்பு. கோர்மன் பையன்கள் அதைப் பார்த்ததும் தளர்ந்துவிட்டார்கள். ஒருவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"டுவைட்!"

அவன் திரும்பினான். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"டாஸன் முப்பதுல ஜெயிச்சிட்டான். இன்னொன்னு வேணும்."

"நாம ஜெயிச்சாச்சு, மார்லிஸ். முட்டி போடப் போறோம்."

"போடாதே."

"என்ன சொல்ற நீ?"

"முட்டி போடாதேங்கறேன். உள்ள போகச் சொல்லு."

டுவைட் எதிர்ப்பக்கம் பார்த்தான். கோர்மன் கோச் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைகுலுக்க வருவதற்காக நடக்கத் தொடங்கியிருந்தார். "அவங்க நின்னுட்டாங்கடி. பாரு, சும்மா நிக்கறாங்க. இருபத்தாறு வருஷமா நான் இப்படிப் பண்ணதில்ல."

"தெரியும்."

"உன் வாயால சொல்றியா?"

"என் வாயாலதான் சொல்றேன். சீக்கிரம்!"

தன் குரலைக் கேட்டு அவளுக்கே பயமாக இருந்தது. டுவைட் ஒரு கணம் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான். பிறகு கையை மேலே தூக்கி, உள்ளே பாயச் சொல்லி இரண்டு விரலை ஆட்டினான். பந்தை வாங்க வேண்டிய பையன் நம்பாமல் திரும்பிப் பார்த்தான். டுவைட் மறுபடி ஆட்டினான். பையன் குனிந்து தன் ஆட்களிடம் ஏதோ சொன்னான்.

பந்து வந்தது. முழங்கால் தரையில் படவில்லை. முன்வரிசையில் நின்ற தடியன்கள் எல்லோரும் ஒரே உந்தலில் பாய்ந்தார்கள். எதிரே நின்றவர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. இடுப்பில் கை வைத்திருந்தவன் கையை எடுப்பதற்குள் மூன்று பேர் அவன் மேல் ஏறிப் போனார்கள். பந்து கோட்டைத் தாண்டியது. நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். மைதானம் அலறியது. மேலே ஆரின் கண்ணாடியைக் குத்தினார், வாத்தியக் குழு பாட்டை எடுத்தது. மார்லிஸ் கம்பித் தடுப்பை ஓங்கித் தட்டினாள். பிழைத்தோம் என்று வாய்விட்டே சொன்னாள்.

குவியல் ஒவ்வொருவராக எழுந்து கலைந்தது. ஒருவன் மட்டும் எழவில்லை.

பாட்டு பாதியில் நின்றது. அடிபட்டவன் கிடக்கும்போது செய்கிற வழக்கப்படி இரண்டு அணிப் பையன்களும் இருந்த இடத்திலேயே ஒரு முழங்காலில் இறங்கினார்கள். வைத்தியர்கள் ஓடினார்கள். ஒருவர் மண்டியிட்டு, அந்தப் பையனின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். அவர் எதுவும் பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்ததுதான் மார்லிஸுக்குப் பயத்தைக் கிளப்பியது. கால் அசைகிறதா? அசைய வேண்டும். ஒரு விரல் அசைந்தால் போதும். காற்றில் அவனுடைய சட்டை படபடத்ததைப் பார்த்து இரண்டு முறை ஏமாந்தாள். கோர்மன் கோச் வந்த வழியில் பாதியிலேயே நின்றிருந்தார். டுவைட் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க, மேடம்."

அவளுக்குப் பின்னால் ஒரு மனிதர். கோர்மன் நிறத்தில் பின்னல் தொப்பி, உழவு வேலை செய்கிற கைகள். மரியாதையாக ஒரு படி தள்ளியே நின்றார்.

"கீழ போறதுக்கு வழி எதுங்க? அது எங்க பையன்."

மார்லிஸ் கழுத்தில் தொங்கிய சாவியை எடுத்தாள். கம்பிக் கதவின் பூட்டு அவளுக்கு நேர் கீழே இருந்தது. சாவி பூட்டைச் சுற்றிச் சுற்றி உரசியது, உள்ளே போகவில்லை.

"குளிர்ல கை விறைச்சுப் போச்சு போல," என்றார் அவர். "குடுங்க, நான் திறக்கறேன்." சாவியை வாங்கிக்கொண்டே, "முட்டி போடப் போறாங்கன்னு நெனச்சேன். அதான் அவனும் சும்மா நின்னுட்டான். எதுக்குங்க ஓடினாங்க? நீங்க இந்தக் காலேஜ்தானே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

எந்தக் கூட்டத்திலும் பதில் இல்லாமல் உட்கார்ந்ததில்லை மார்லிஸ். பூட்டைப் பிடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பூட்டைத் திறந்து, சாவியை மறக்காமல் அவளுடைய உள்ளங்கையில் வைத்து மூடினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தாழ்ந்திருந்த ஹெல்மெட்டுகளுக்கு நடுவே, யாரையும் மிதித்துவிடாமல் கவனமாகக் கால் வைத்து, புல்லின் மேல் நடந்து போனார்.